இணையவழிக் கூட்டங்களில் ஒலித்தரக் கண்காணிப்பு

இணையவழிக் கூட்டம், வகுப்பு, நீதிமன்ற விசாரணை போன்றவற்றில் ஒருவர் பேசுவது மறுமுனையில் எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்பதை, அழைப்பு நடந்துகொண்டிருக்கும்போதே அளந்து பதிவுசெய்வது ஒலித்தரக் கண்காணிப்பு எனப்படும். படம் உறைந்துபோனாலும் பேச்சு கேட்டால் கூட்டம் தொடரும். பேச்சு அறுந்தால் தொடராது.

இந்த அளவீட்டுக்கு இந்தியாவில் சட்டச் சூழல் ஒன்றும் உண்டு. கொரோனா பொதுமுடக்கத்தின்போது, 2020 ஏப்ரல் 6 அன்று, காணொலி விசாரணைகளுக்கான நெறிமுறைகளை உச்ச நீதிமன்றம் வெளியிட்டது. ஒலி, ஒளியின் தரம் பற்றிய புகார்களுக்கு நீதிமன்றங்கள் உதவி எண் வைத்திருக்க வேண்டும். விசாரணை நடக்கும்போதோ முடிந்த உடனேயோ புகார் சொல்லிவிட வேண்டும். அதன்பின் ஏற்க இயலாது என்பது அதில் ஒரு விதி. விதி நியாயமானதுதான். ஆனால் காதில் விழாத சொல்லைப் பற்றி ஒருவர் உடனே புகார் செய்வது எப்படி? விழவில்லை என்பதே அவருக்குத் தெரியாமல் போகலாம். அந்த இடத்தில் கருவியின் பதிவுதான் சாட்சி.

பேச்சு எவ்வாறு தொலைகிறது

பேச்சு சிறு பொதிகளாக நறுக்கப்பட்டு இணையத்தில் அனுப்பப்படுகிறது. ஒரு பொதியில் பெரும்பாலும் 20 மில்லிநொடி ஒலி இருக்கும். அதாவது நொடிக்கு 50 பொதி, நிமிடத்திற்கு 3,000 பொதி. வழியில் காணாமல் போவது பொதி இழப்பு. சேர்வதற்கு ஆகும் நேரம் தாமதம். அந்தத் தாமதம் சீராக இல்லாமல் கூடிக் குறைவது ஜிட்டர். ஒருவழித் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருந்தால் உரையாடல் இயல்பாக இருக்கும் என்றும், 400-ஐத் தாண்டக் கூடாது என்றும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை கூறுகிறது.

ஒரு நிமிடத்தில் 1 விழுக்காடு இழப்பு என்றால் 30 பொதி. அவை சிதறிப் போனால் கேட்பவர் உணரமாட்டார். 2012-இல் தரப்படுத்தப்பட்ட ஓப்பஸ் கோடெக், முந்தைய பொதியின் சுருக்கப் படியை அடுத்த பொதியில் சேர்த்து அனுப்பவும் வல்லது. அதே 30 பொதியும் தொடர்ச்சியாகப் போனால் 0.6 நொடி மௌனம். மரக்காணம் உப்பளத் தொழிலாளி ஒருவர் கைப்பேசி வழியே விசாரணையில் பதில் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தமிழில் எதிர்மறை வினையின் கடைசியில் நிற்கிறது. ‘தெரியும்’, ‘தெரியாது’ இரண்டுக்கும் தொடக்கம் ஒன்றே; வேறுபாடு கடைசி எழுத்துகளில் இருக்கிறது. அவற்றை விழுங்க அரை நொடியே அதிகம். சராசரியை மட்டும் காட்டும் கருவி இரண்டு நிலைகளையும் ‘1 விழுக்காடு’ என்றே எழுதும்.

எப்படி அளக்கிறார்கள்

பழைய முறையில் மனிதர்களே கேட்டு 1 முதல் 5 வரை மதிப்பெண் இட்டனர். அதன் சராசரியே எம்.ஓ.எஸ்; இதற்கான நெறி பி.800 பரிந்துரையில் உள்ளது. பின்னர் பி.862 (2001), பி.863 (2011) ஆகியவை கணினியைக் கொண்டு மதிப்பிட்டன. ஆனால் இவற்றுக்கு மூல ஒலியும் வந்து சேர்ந்த ஒலியும் அருகருகே தேவை. ஆகவே சோதனைக்கூடத்துக்கு ஏற்றவை, நடக்கும் அழைப்புக்கு அல்ல. நடக்கும் அழைப்பில் தாமதம், இழப்பு முதலியவற்றை ஜி.107 மாதிரியில் இட்டு ஒலித்தரத்தைக் கணிக்கிறார்கள். இதற்குப் பேச்சைப் பதிவுசெய்யத் தேவையில்லை என்பது ஒரு நன்மை.

எண்கள் கிடைப்பது ஆர்டிசிபி அறிக்கைகளிலிருந்து. 2003-இல் வெளியான ஆர்.எஃப்.சி 3550 இதை வரையறுக்கிறது. கேட்கும் கருவி சில நொடிக்கு ஒருமுறை தன் இழப்பையும் ஜிட்டரையும் அனுப்புநருக்குத் தெரிவிக்கும். இதில் ஒரு ஓட்டை உண்டு. தாமதமாக வந்த பொதி, ஒலிக்க வேண்டிய நேரம் கடந்துவிட்டதால் தூக்கி எறியப்படும். வந்து சேர்ந்ததால் இழப்புக் கணக்கில் அது வராது. இதைத் தனியாக எண்ணவே அதே ஆண்டு ஆர்.எஃப்.சி 3611 விரிவாக்கம் வந்தது. உலாவிகளின் வெப்ஆர்டிசி இன்னும் ஒரு படி மேல்: இடைவெளியை நிரப்பக் கருவியே செயற்கையாக உண்டாக்கிய ஒலி எவ்வளவு என்றும் சொல்லும். காதுக்கு மிக அருகில் நிற்கும் எண் இதுவே. இழப்பு விழுக்காட்டைவிட இதையே முதலில் பார்ப்பது நல்லது.

மரக்காணம் கடற்கரையில்

விழுப்புரம் மாவட்டத்தின் இந்த உப்பளக் கடற்கரை, சராசரி எண்கள் எதை மறைக்கின்றன என்பதற்குப் பொருத்தமான இடம். கிழக்கே கடல் என்பதால் அலைபேசிக் கோபுரங்கள் ஒருபுறம் மட்டுமே அமைய முடியும். பாத்திகளில் தேங்கிய உப்புநீர் பரந்த, தட்டையான பரப்பு. அதில் பட்டுத் திரும்பும் அலை நேரடி அலையோடு கலந்து, சில இடங்களில் அதை வலுவிழக்கச் செய்யும். பத்தடி நகர்ந்தால் நிலை மாறலாம். தமிழ்நாட்டுத் தொலைத்தொடர்பு வட்டத்துக்குள் சென்னையும் புதுச்சேரியும் அடக்கம். அந்த வட்டம் முழுவதற்கும் கணக்கிட்ட ஒரே சராசரியில் உப்பள வரப்பில் நிற்பவரின் கைப்பேசி தெரியாது.

இன்னொன்று காற்று. கடற்காற்று ஒலிவாங்கியில் மோதினால் பேச்சு புரியாது. ஆனால் ஒவ்வொரு பொதியும் பழுதின்றிச் சேர்ந்திருக்கும், கணிப்பு எண்ணும் உயர்வாகவே இருக்கும். வலைப்பின்னல் அளவீடு பொதியைக் காக்கிறதே தவிர அதனுள் இருக்கும் ஒலியை அறியாது. அழைப்பு முடிந்ததும் ‘தெளிவாகக் கேட்டதா’ என்று செயலி கேட்கும் சிறு கேள்வியைப் பலர் எரிச்சலோடு தள்ளிவிடுகிறார்கள். இத்தகைய குறைகளைப் பிடிக்க அதுவே எளிய வழி.

புயல் நாட்களில் கணக்கு வேறுவிதமாகப் பிழைபடுகிறது. 2020 நவம்பர் 25 நள்ளிரவையொட்டி நிவர் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது, பள்ளிகள் மூடப்பட்டு இணையவழி வகுப்புகளே நடந்துவந்த காலம் அது. புயலில் மின்சாரம் நின்று, கோபுரத்தின் மின்கலமும் தீர்ந்தால் இணைப்பு அறுந்துபோகும். அறுந்த கருவி அறிக்கை அனுப்பாது. வழங்கி கையில் மிஞ்சுவது நன்றாக இணைந்திருந்தவர்களின் எண்கள் மட்டுமே. அன்றைய சராசரி முந்தைய நாளைவிட உயர்ந்துகூடத் தெரியலாம். இதைத் தவிர்க்க, கூட்டத்தில் இருந்து பாதியில் அறிக்கை நின்றுபோனவரைக் கணக்கிலிருந்து நீக்காமல், அந்த நிமிடங்களுக்கு மிகக் குறைந்த மதிப்பெண்ணான 1 இட்டுப் பதிய வேண்டும். எத்தனை பேர் அப்படி மௌனமானார்கள் என்பதையும் தனி எண்ணாக அறிக்கையில் காட்ட வேண்டும்.