கதவைச் சாத்த அவசரம் வேண்டாம்

அடுக்குமாடி வீட்டில் வளரும் நாய்க்குட்டிக்குக் கூண்டு தேவைப்படுகிறது. அது சிறையாவதும் படுக்கையறையாவதும் முதல் இரண்டு வாரங்களில் முடிவாகிவிடுகிறது.

பெங்களூர் மல்லேஸ்வரத்தின் சம்பிகே சாலை. மாலை நெரிசலில் ஒரு ஆட்டோ. பின் இருக்கையில் பிளாஸ்டிக் கூடை, அதற்குள் இரண்டரை மாத நாய்க்குட்டி. தடுப்பூசிக்காக ஹெப்பால் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போகிறது. வண்டிகளின் இரைச்சலையும் மீறி அதன் ஊளை கேட்கிறது. அந்தக் கூடையை அது முதன்முதலாகப் பார்த்ததே அன்று மதியம்தான். பார்த்த மறு நிமிடம் அதற்குள் திணிக்கப்பட்டுவிட்டது. இனி கூடையைக் கண்டாலே கட்டிலுக்கடியில் பதுங்கும்.

மல்லேஸ்வரத்துக்கு இது புதிய பிரச்சினை. 1898-ல் பெங்களூரில் பிளேக் பரவியபோது, நெரிசலான பேட்டைப் பகுதியிலிருந்து வெளியேறியவர்கள் குடியேறி வளர்ந்த இடம் இது. ஓட்டு வீடு, முன்புறம் தோட்டம், சுற்றிலும் மதில். மதில்தான் நாய்க்கு எல்லை. இன்று அந்தத் தோட்ட வீடுகள் பலவற்றின் இடத்தில் அடுக்குமாடிகள். மூன்றாவது மாடியில் குட்டியை எங்கே விடுவது? மின்சார வயரைக் கடிக்கும். பால்கனிக் கம்பிகளுக்கு இடையே தலையை நுழைக்கும். எனவே கூண்டு. அதைப் பார்த்ததும், பாவமில்லையா என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

அடைத்துவைத்தால் பழகிவிடும் என்ற நினைப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு லைகாவின் கதை சாட்சி. மாஸ்கோ தெருவில் பிடிபட்ட நாய் அது. ஸ்புட்னிக்-2 கலத்தின் குறுகிய அறைக்குப் பழக்குவதற்காக, சோவியத் விஞ்ஞானிகள் நாய்களை ஒன்றைவிட ஒன்று சிறிய கூண்டுகளில், 20 நாட்கள் வரை அடைத்து வைத்தார்கள். நாய்கள் நிலைகொள்ளாமல் தவித்தன. சிறுநீர், மலம் கழிப்பதையே நிறுத்திக்கொண்டன. 1957 நவம்பர் 3-ல் ஏவப்பட்ட லைகா, சில மணி நேரத்திலேயே வெப்பம் தாங்காமல் இறந்தது. அந்த உண்மை வெளியானது 2002-ல்தான்.

வீட்டுக் குட்டிக்கு ஏற்றது நேர் எதிரான வழி. நாய்களின் நடத்தையை ஆராய்ந்த அமெரிக்கர்களான ஜான் பால் ஸ்காட்டும் ஜான் ஃபுல்லரும் 1965-ல் வெளியிட்ட நூலில், சுமார் 3 முதல் 12 வாரம் வரையிலான பருவமே குட்டி உலகத்தோடு உறவு கொள்ளும் பருவம் என்றார்கள். இந்தியாவில் 2017-ம் ஆண்டு விதிகளின்படி 8 வாரம் நிரம்பாத குட்டியை விற்கக் கூடாது. ஆக, வாங்கியவர் கையில் மிஞ்சுவது சில வாரங்களே. அந்தச் சமயத்தில் மனதில் பதியும் பயம் எளிதில் போகாது.

முதலில் அளவு. குட்டி தலை முட்டாமல் நிற்கவும், திரும்பவும், காலை நீட்டிப் படுக்கவும் இடம் வேண்டும். ரொம்பப் பெரிதாக இருந்தால் ஒரு மூலையில் படுத்து மறு மூலையை அசுத்தம் செய்யும். வளரும் இனம் என்றால் பெரிய கூண்டை வாங்கி நடுவில் தடுப்பு வைக்கலாம். கூடத்தில், வீட்டார் நடமாடும் இடத்தில் வையுங்கள். உள்ளே நீங்கள் உடுத்திய பழைய புடவையோ வேட்டியோ விரியுங்கள். கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் கயிற்றால் கட்டி வையுங்கள்.

முதல் சில நாட்கள் கதவைத் தொடவே வேண்டாம். வாசலில் ஒரு துண்டு பிஸ்கட், சற்று உள்ளே இன்னொன்று. பிறகு சாப்பாட்டுத் தட்டையே உள்ளே தள்ளுங்கள். குட்டி தயங்காமல் போய்வரத் தொடங்கியதும், அது சாப்பிடும்போது மட்டும் கதவைச் சாத்துங்கள். தட்டு காலியாகும் முன் திறந்துவிடுங்கள். அடுத்த நாள் அரை நிமிடம் கூடுதல், அதற்கடுத்த நாள் இரண்டு நிமிடம். முனகினால் அவசரப்பட்டுவிட்டோம் என்று பொருள். ஒரு படி பின்வாங்குங்கள். அழுது அழுது அடங்கட்டும் என்று விட்டால் அடங்குவது குரல்தான், பயம் அடங்குவதில்லை. செருப்பைக் கடித்ததற்குத் தண்டனையாக ஒருபோதும் கூண்டில் போடாதீர்கள்.

இரவில் கூண்டு உங்கள் கட்டிலுக்கு அருகில் இருக்கட்டும். தாயையும் உடன்பிறந்த குட்டிகளையும் பிரிந்து வந்த ஜீவன் அது. இரண்டு மாதக் குட்டியால் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்க முடியாது. நள்ளிரவு முனகலுக்கு அதுவே காரணமாக இருக்கலாம். தூக்கிப்போய் வெளியே விட்டுவிட்டு, விளையாட்டுக் காட்டாமல் திரும்ப அழைத்து வாருங்கள். காலையில் வேலைக்குப் போய் மாலையில் திரும்புகிறவர்களுக்குக் கூண்டு தீர்வாகாது. பகலில் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்.

பயணக் கூடைக்கும் இதே பாடம்தான். கூடுதலாக, கூடையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் நடங்கள். பிறகு மாடிப்படி. பிறகு தெருமுனை வரை ஆட்டோ. ஒருநாள் மருத்துவமனை வாசல் வரை போய், ஊசி இல்லாமல் பிஸ்கட்டோடு திரும்புங்கள். வண்டி ஏறுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடித்துவிட்டால் வாந்தி குறையும். வெயிலில் நிறுத்திய காருக்குள் சில நிமிடங்கள்கூட விட்டுச் செல்லாதீர்கள்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகும் தமிழ்க் குடும்பங்களுக்கு உண்மையான சோதனை ரயிலில்தான். முதல் வகுப்பில் கூபேயையோ கேபினையோ முழுவதுமாக எடுத்தவர்களே நாயை உடன் வைத்துக்கொள்ளலாம். மற்றவர்களின் நாய் பிரேக் வேனில் உள்ள நாய்ப்பெட்டியில், இருட்டிலும் தடதடப்பிலும் தனியாக இரவைக் கழிக்க வேண்டும். பயணத்துக்குத் தகுதியானது என்ற மருத்துவரின் சான்றிதழும் தேவை. பெட்டிக்குப் பழகாத குட்டியை அங்கே முதல்முறையாக அடைப்பது கொடுமை.

கொடுமை என்ற சொல்லுக்குச் சட்டத்திலேயே இடமுண்டு. நடனக் கலைஞர் ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதாவின் தொடர்ச்சியாகப் பிறந்தது 1960-ம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம். விலங்கு ஓரளவு அசைந்து நடமாட இடம்தராத கூண்டில் அதை அடைப்பது இச்சட்டப்படி குற்றம். நீளம், அகலம், உயரத்தைச் சட்டம் பார்த்துக்கொள்ளும். குட்டியின் மனதை வளர்ப்பவர்தான் பார்க்க வேண்டும்.

பழகிவிட்டதா என்று அறிய எளிய வழி உண்டு. மதிய நேரத்தில் யாரும் அழைக்காமல், பிஸ்கட்டும் இல்லாமல், குட்டி தானே கூண்டுக்குள் போய் ஒரு சுற்றுச் சுற்றிப் படுத்துத் தூங்கும். அப்போதும் கதவைச் சாத்த அவசரம் வேண்டாம்.