ரேஞ்ச் ரோவரில் மூன்றாவது பெடல்

1970-இல் பிரிட்டனில் அறிமுகமான ரேஞ்ச் ரோவரில் இருந்தது கையால் மாற்றும் நான்கு கியர்தான். கம்பெனியே ஆட்டோமேட்டிக் பூட்டித் தந்தது 1982-இல். அப்படி வந்த பழைய வண்டிகளை மேனுவலாக மாற்றுபவர்கள் உண்டு.

கியர்பாக்ஸை மட்டும் மாற்றினால் போதாது. டார்க் கன்வெர்ட்டரைக் கழற்றி ஃப்ளைவீல், கிளட்ச் பூட்ட வேண்டும். கிளட்ச் பெடலும் ஹைட்ராலிக் சிலிண்டர்களும் வேண்டும். கிராங்க் ஷாஃப்டின் பின்முனையில் ஒரு குட்டி புஷ் உட்காரும். கியர்பாக்ஸ் ஷாஃப்டின் நுனியைத் தாங்குவது அதுதான். அதை மறந்தால், ஏற்றிய கியர்பாக்ஸை மறுபடி இறக்க வேண்டியதுதான்!

எல்லாம் முடித்துச் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றாது. பார்க், நியூட்ரல் தவிர வேறெதிலும் ஸ்டார்ட் ஆகாமல் தடுத்த சுவிட்ச், பழைய கியர்பாக்ஸோடு போய்விட்டதே! அதன் ஒயர்களை இணைத்தால் சரியாகும். ஆனால், கியரில் நிற்கும் வண்டியும் இனி பாயும். கிளட்சை மிதித்த பிறகே சாவி.