பாலிசி இருந்தும் கல்லாவிலிருந்து போகும் பணம்

மண்டியில் மூட்டையை எடை போட்டால் சாக்கு எடையைக் கழித்துத்தான் பில் போடுகிறோம். மருத்துவக் காப்பீட்டிலும் இப்படிக் கழிவுகள் உண்டு. அங்கே பில் போடுபவர் நாம் அல்ல. ஆகவே கழிவு எவ்வளவு என்பது, மருத்துவமனையை விட்டு வெளியே வரும் நாளில்தான் நம்மில் பலருக்குத் தெரிகிறது.

நம் நாட்டில் 1986ல் மெடிக்ளெய்ம் வந்த நாள் முதல் நாம் ஏஜெண்டிடம் கேட்பது இரண்டே கேள்விகள். எத்தனை லட்சத்துக்குப் பாலிசி? பிரிமியம் எவ்வளவு? மூன்றாவதாக ஒன்று கேட்க வேண்டும்: என் கையிலிருந்து எவ்வளவு போகும்?

சம்பளக்காரர் படுத்தால் பெரும்பாலும் விடுப்புச் சம்பளம் வரும். வணிகர் படுத்தால் கடையும் சேர்ந்து படுத்துவிடும். அந்த நேரத்தில் கையிலிருந்து போவது சரக்குக்கு வைத்திருந்த முதல். எனவே கீழ்க்கண்ட நான்கையும் வணிகப் பெருமக்கள் கவனத்தில் கொள்ள வேண்டும்.

முதலாவது, 'டிடக்டிபிள்' என்னும் கழிவுத் தொகை. இதை முதலில் நாம் ஏற்க வேண்டும். அதற்கு மேற்பட்டதையே கம்பெனி தரும். இத்தொகை கூடக்கூடப் பிரிமியம் குறையும்.

இரண்டாவது, 'கோ-பே'. ஒவ்வொரு கிளெய்மிலும் சதவீதக் கணக்கில் நம் பங்கு. மூத்த குடிமக்களுக்கான பல பாலிசிகளில் இது உண்டு.

மூன்றாவது, பாலிசியில் சேராத செலவுகள். கையுறை, முகக்கவசம் போன்ற பொருட்களைப் பல பாலிசிகள் ஏற்பதில்லை.

நான்காவது, அறை வாடகை வரம்பு. பாலிசி 3 லட்சம், வாடகை வரம்பு 1 சதவீதம் என்றால் நாளுக்கு 3,000 ரூபாய். நாம் 6,000 ரூபாய் அறையில் தங்கினால் வாடகையில் மட்டும் பாதி போவதில்லை. டாக்டர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் ஆகியவையும் அதே விகிதத்தில் குறைக்கப்படலாம். மருந்து, பரிசோதனை, உடலில் பொருத்தும் கருவிகள் ஆகியவற்றுக்கு இந்த வெட்டு கிடையாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பில் 2,00,000 ரூபாய். சேராத செலவு 12,000. கழிவுத் தொகை 50,000. மீதி 1,38,000. இதில் 10 சதவீதம் கோ-பே 13,800. கம்பெனி தருவது 1,24,200. நம் கையிலிருந்து போவது 75,800 ரூபாய். 'கேஷ்லெஸ்' என்றாலும் இதைக் கட்டித்தான் வெளியே வர வேண்டும்.

அடுத்து, 'டாப்-அப்', 'சூப்பர் டாப்-அப்' இரண்டும் ஒன்றல்ல. கழிவுத் தொகை 3 லட்சம் என வைத்துக்கொள்வோம். ஒரே ஆண்டில் இருமுறை தலா 2 லட்சம் செலவானால், சாதாரண டாப்-அப்பில் ஒரு ரூபாயும் வராது. அது ஒவ்வொரு கிளெய்மையும் தனியாகப் பார்க்கும். சூப்பர் டாப்-அப் ஆண்டுச் செலவைக் கூட்டிப் பார்ப்பதால் 1 லட்சம் கிடைக்கும்.

பாலிசியுடன் வாடிக்கையாளர் தகவல் தாள் ஒன்று தர வேண்டும் என்பது 2024 ஜனவரி முதல் உள்ள விதி. மேற்சொன்ன கழிவுகள் அதில் இருக்கும். தமிழில் கேட்டால் தமிழிலேயே தர வேண்டும். படித்துப் பார்த்துப் பிடிக்கவில்லையென்றால், புதிய பாலிசியை 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். கிளெய்மில் நியாயம் இல்லையென்றால் முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியில்லை என்றாலோ காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனை அணுகலாம். சென்னையில் அலுவலகம் உண்டு, கட்டணம் இல்லை.

தனிநபர், குடும்ப மருத்துவப் பாலிசிகளுக்கு இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் நீங்கிவிட்டது. அந்த மிச்சத்தைக் கடைக் கணக்கில் கலக்க வேண்டாம். உங்கள் பாலிசியில் கையிலிருந்து போகக்கூடிய தொகையைக் கணக்கிட்டு, அது சேரும் வரை தனியாக வங்கியில் போட்டு வாருங்கள். நோய் வந்தாலும் சரக்குக்கு வைத்த முதல் கலையாமல் இருக்கும்.