குண்டைத் தாங்கும் ரப்பர் மேடு

சித்திரைத் திருவிழா முடிந்த கையோடு மதுரை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: தல்லாகுளம் கடையில் மகனுக்கு வாங்கிய துப்பாக்கியின் மஞ்சள் பிளாஸ்டிக் குண்டு கொஞ்ச தூரத்திலேயே தரை பார்த்துவிடுகிறது. யூடியூபில் ஏர்சாஃப்ட் என்னும் துப்பாக்கி விளையாட்டு ஆடுகிறவர்களின் குண்டு மட்டும் கோடு போட்டதுபோல் போகிறதே, எப்படி? இரண்டும் அதே 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குண்டுதானே?

வேகம்தான் காரணம் என்று அட்டைப் பெட்டி சொல்லும். நம்ப வேண்டாம். பெட்டியில் கொட்டை எழுத்தில் '400 எஃப்பிஎஸ்' என்று இருக்கும். அதாவது நொடிக்கு 122 மீட்டர். எத்தனை கிராம் குண்டுக்கு? 0.12 கிராம் என்றால் ஆற்றல் 0.9 ஜூல், 0.20 கிராம் என்றால் 1.5 ஜூல். எடையைச் சொல்லாத வேகக் கணக்கு வெறும் வியாபாரப் பேச்சு.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்க்கலாம். நொடிக்கு 100 மீட்டர் வேகத்தில் புறப்படும் 0.20 கிராம் குண்டைக் காற்று அதன் எடையைப்போல் கிட்டத்தட்ட 40 மடங்கு விசையுடன் தடுக்கிறது. இருபது மீட்டருக்குள் பாதி வேகம் போய்விடும். ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து கிடையாகச் சுட்டால் சுமார் 30 மீட்டரில் தரையைத் தொடும். வேகத்தை ஒன்றரை மடங்காக்கினாலும் கூடுதலாகக் கிடைப்பது ஏழெட்டு மீட்டர்தான். ஆனால் குழலைவிட்டு வெளியே வரும் ஆற்றல் இரண்டே கால் மடங்காகிவிடும். தூரத்துக்காகத் துப்பாக்கிக்குள் இருக்கும் வில்சுருளை இன்னும் வலுவானதாக மாற்றச் சொல்கிறவர்கள் ஆபத்தை மட்டுமே விற்கிறார்கள்.

நல்ல ஏர்சாஃப்ட் துப்பாக்கியின் சூட்சுமம், குழல் தொடங்கும் இடத்தில் மேல்புறமாக இருக்கும் ஒரு சின்ன ரப்பர் மேடு. ஹாப்-அப் என்பார்கள். மாசி வீதியில் தேர் திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். வடம் பிடிப்பவர்கள் நேராகத்தான் இழுக்கிறார்கள். ஒரு பக்கத்துச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட்டதும் அந்தப் பக்கம் தயங்க, மறுபக்கம் முந்த, அத்தனை பெரிய தேரும் திரும்புகிறது. குழலுக்குள் காற்றுதான் வடம், ரப்பர் மேடுதான் முட்டுக்கட்டை. குண்டின் உச்சி தயங்குகிறது, அடிப்பாகம் முந்துகிறது. குண்டு பின்பக்கமாகச் சுழன்றபடி வெளியே வருகிறது. கட்டை போடுகிறவரின் கைப்பக்குவம் இங்கேயும் வேண்டும். கட்டை சிறிதானால் தேர் திரும்பாது. குண்டும் சுழலாமல் விழும். கட்டை பெரிதானால் தேர் குலுங்கும். குண்டு மேலே எகிறிவிட்டுப் பிறகு சரியும். கனமான தேருக்குக் கனமான கட்டை. கனமான குண்டுக்கு மேட்டை இன்னும் கொஞ்சம் இறக்க வேண்டும். அதற்கென்று ஒரு திருகு இருக்கிறது. எண்ணெய் தடவிய கட்டை எந்தத் தேரையும் திருப்பாது என்பதையும் நினைவில் வையுங்கள். பராமரிப்புக்கு வரும்போது உதவும்.

சுழலும் குண்டின் மேல்பரப்பு பின்னோக்கி ஓடுவதால், தன்னோடு ஒட்டிய காற்றைப் பின்னால் இழுத்துக் கீழ்நோக்கித் தள்ளிவிடுகிறது. காற்றைக் கீழே தள்ளிய குண்டு மேலே தள்ளப்படுகிறது. 0.20 கிராம் எடையைத் தாங்க ஒரு நியூட்டனில் ஆயிரத்தில் இரண்டு பங்கு விசை போதும். அது கிடைத்துக்கொண்டிருக்கும்வரை குண்டு விழாமல் மிதந்துகொண்டே போகும். கூடுதல் ஆற்றலே இல்லாமல் கிடைக்கும் தூரம் இது. இந்த விஷயத்தில் எனக்குச் சலிக்காத பகுதியும் இதுதான்.

வரலாறு சுருக்கமாக. 1852-ல் ஆராய்ந்த ஜெர்மானியர் மாக்னஸின் பெயர்தான் இந்த விளைவுக்கு நிலைத்தது. ஆனால் சுழலும் துப்பாக்கிக் குண்டு பாதை விலகுவதை 1742-லேயே எழுதிவிட்டவர் ஆங்கிலேயரான பெஞ்சமின் ராபின்ஸ். கிழக்கிந்தியக் கம்பெனியின் பொறியாளராக வந்து, 1751-ல் கடலூர் தேவனாம்பட்டினத்துக் கோட்டையில் இறந்துபோனார். ஏர்சாஃப்ட் பிறந்தது ஜப்பானில். அங்கே 2006 சட்டத்திருத்தத்துக்குப் பிறகு 6 மில்லிமீட்டர் குண்டுக்கு உச்சவரம்பு சுமார் 0.98 ஜூல்.

பராமரிப்பு முழுக்க அந்த ரப்பரைச் சுற்றித்தான். சிலிக்கான் எண்ணெயை மேட்டில் பட விட்டால் குண்டு வழுக்கிச் சுழல மறுக்கும். தையல் மெஷின் எண்ணெய் போன்ற பெட்ரோலிய எண்ணெய் ரப்பரையே ஊதிப்போகச் செய்யும். உலர்ந்த துணி சுற்றிய கம்பியால் குழலைத் துடைத்தாலே போதும். குழலுக்கும் குண்டுக்கும் இடைவெளி ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர், தரையில் பொறுக்கிய குண்டு நம்மூர்ச் செம்மண்ணை ஒட்டிக்கொண்டு உள்ளே போனால் குழலையும் கீறும், மேட்டையும் அரிக்கும். ஒருமுறை சுட்டதை மறுபடி போடாதீர்கள். வில்சுருளை இழுத்த நிலையில் விட்டு எடுத்து வைக்கவும் கூடாது. பலூன் கடை ஏர்கன்னின் ஈய ரவையும் இரும்பு பால்ரஸும் வேறு இனம். இந்த விளையாட்டின் பக்கமே அவை வரக்கூடாது.

கண்ணைப் பற்றி மட்டும் கறாராகச் சொல்கிறேன். ஒரு ஜூல் தோலில் தடிப்பை உண்டாக்கும். கண்ணில் பட்டால் கருவிழிக்குப் பின்னே இரத்தம் கட்டும், லென்ஸ் கலங்கலாம், விழித்திரை கிழியலாம், ஆண்டுகள் கழித்துக் கண் அழுத்த நோயும் வரலாம். மூக்குக்கண்ணாடியும் கூலிங் கிளாஸும் பாதுகாப்பல்ல. உடைந்த சில்லே கண்ணுக்குள் போகும். மோதலைத் தாங்கும் தரச்சான்று பெற்ற, முகத்தோடு ஒட்டிய பாலிகார்பனேட் கண்கவசம் வேண்டும். ஆடுபவருக்கு மட்டுமல்ல, பக்கத்தில் வேடிக்கை பார்க்கும் தம்பி தங்கைக்கும். தோட்டா அறையைக் கழற்றினாலும் குழலுக்குள் ஒரு குண்டு தங்கியிருக்கும். அதைத் தரையை நோக்கிச் சுட்டு வெளியேற்றியபின்தான் கவசத்தைக் கழற்றலாம்.

அடிபட்டுவிட்டால் கசக்காதீர்கள், அழுத்திக் கட்டாதீர்கள், தாய்ப்பாலோ பச்சிலைச் சாறோ விடாதீர்கள். கண்ணைத் தொடாதபடி ஒரு காகிதக் கப்பைக் கவிழ்த்துப் பிடித்து, தலையை நிமிர்த்தி உட்காரவைத்து அழைத்துப் போங்கள். அண்ணா நகரில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. வலி அடங்கிவிட்டது என்று பிள்ளை சொன்னாலும் அன்றே காட்டிவிட வேண்டும்.