கோல்கோந்த் கூரையும் கணினியின் முக்கோணங்களும்

புதுச்சேரியில், ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்து அன்பர்கள் தங்குவதற்காக, அந்தோனின் ரேமண்ட் 1930களில் வடிவமைத்து, ஜார்ஜ் நகாஷிமா உடனிருந்து மேற்பார்த்த கோல்கோந்த் விடுதியின் முகப்பில், வெயிலைத் தடுத்துக் காற்றை மட்டும் அனுமதிக்கும் கிடைப்பலகைகள் வரிசை வரிசையாக அமைந்துள்ளன. இத்தகைய கட்டடத்தைக் கேட் (CAD) எனும் வரைபட மென்பொருளில் வரைந்து, ஒளியும் நிழலும் தத்ரூபமாகத் தோன்றும் காட்சி மென்பொருளுக்கு மாற்றுகையில், முன்னது கூரையோடுகளின் வளைவைக் கணிதச் சூத்திரமாகவே வைத்திருக்க, பின்னதோ அதைச் சிறுசிறு முக்கோணங்களாகப் பகுத்தே கிரகிக்கிறது. முக்கோணங்கள் குறைந்தால் வளைவு பட்டைபட்டையாக முறியும், மிகுந்தால் கணினி திணறும். கிடைப்பலகைகளிலோ, ஒன்றை மட்டும் முழுதாக வைத்து, மற்றவற்றை அதன் பிரதிகளாகச் சுட்டினால் பாரம் வெகுவாகக் குறையும். மில்லிமீட்டரில் வரைந்ததை மீட்டராக வாசித்தால் விடுதி 1000 மடங்கு பெருத்துவிடுமாதலால், அளவையை முதலில் சரிபார்ப்பதே விவேகம்.