எட்டு மூலைப் பெட்டி

1954-ஆம் ஆண்டு நியூயார்க்கின் புரூக்ளின் துறையிலிருந்து 'வாரியர்' என்ற சரக்குக் கப்பல் ஜெர்மனியின் பிரேமர்ஹாஃபன் துறைமுகத்துக்குப் புறப்பட்டது. ஏறிய சரக்கு சுமார் 5,000 டன். உருப்படிகளின் எண்ணிக்கையோ 1,94,582. அட்டைப்பெட்டி, மரப்பெட்டி, சாக்கு மூட்டை, பீப்பாய், இரும்புச் சுருள், மோட்டார் வண்டி என்று எல்லாம் தனித்தனி உருப்படி. ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் கைவைத்துத் தள்ளி, கப்பலின் வயிற்றில் இடுக்குப் பார்த்துச் செருகி, அசையாமல் கட்டவேண்டியிருந்தது. ஏற்றி முடிக்க ஆறு நாள். அதில் ஒரு நாள் வேலைநிறுத்தத்தில் போனது. அட்லாண்டிக்கைக் கடக்கப் பத்தரை நாள். அக்கரையில் இறக்க நான்கு நாள்.

அந்தப் பயணத்தை ஆய்வாளர்கள் பைசா பைசாவாகக் கணக்குப் பார்த்தார்கள். மொத்தச் செலவு 2,37,577 டாலர். அதில் கப்பல் கடலில் ஓடியதற்கு ஆனது 11.5 சதவீதம்தான். இரு கரைகளிலும் ஏற்றவும் இறக்கவும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கரைந்திருந்தது. கடலைக் கடப்பது மலிவு. கரையைக் கடப்பதுதான் செலவு என்று அந்தக் கணக்கு காட்டியது.

இதே முடிவுக்கு வேறொரு வழியில் வந்தவர் மால்கம் மெக்லீன். வட கரோலினாவில் ஒற்றை லாரியோடு தொழில் தொடங்கி, பெரிய லாரி நிறுவனத்துக்கு முதலாளியானவர். லாரியின் சரக்குப் பெட்டியைச் சக்கரத்திலிருந்து கழற்றி அப்படியே கப்பலில் வைத்துவிட்டால், நடுவில் சரக்கைப் பிரிக்கவே வேண்டாமே என்பது அவர் யோசனை. பெட்டியில் சரக்கு அனுப்புவது அதற்கு முன்பே ரயில் கம்பெனிகளும் அமெரிக்க ராணுவமும் செய்து பார்த்ததுதான். மெக்லீன் பெட்டியோடு நிற்கவில்லை. கப்பல், கிரேன், லாரி, துறைமுக முற்றம் எல்லாவற்றையும் அந்தப் பெட்டிக்கு ஏற்றபடி மாற்றினார். 1956 ஏப்ரல் 26 அன்று 'ஐடியல் எக்ஸ்' என்ற பழைய எண்ணெய்க் கப்பல் தன் மேல்தளத்தில் 58 பெட்டிகளோடு நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குக் கிளம்பியது. உதிரிச் சரக்கை ஏற்ற அந்நாளில் டன்னுக்கு 5.83 டாலர் ஆகும். 'ஐடியல் எக்ஸ்' கப்பலில் ஆனது டன்னுக்கு 16 சென்ட்டுக்கும் குறைவு.

நெடுஞ்சாலையில் லாரிமேல் போகும் கன்டெய்னரைப் பார்த்தால் அது ஒரு தகர டப்பா போலத்தான் தெரியும். அதன் சுவர் ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் எஃகுத் தகடு. வளையாமல் இருக்க மடிப்பு மடிப்பாக அழுத்தப்பட்டிருக்கும். தகட்டில் சிறிதளவு செம்பும் குரோமியமும் கலந்திருப்பதால் மேலே படியும் துருவே உள்ளிருக்கும் இரும்பைக் காக்கிறது. தரை 28 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகை. சுமையைத் தாங்குவது சுவரும் அல்ல, கூரையும் அல்ல. நான்கு மூலைத் தூண்கள். ஒரு பெட்டிக்கு மேல் எட்டுப் பெட்டிகளை அடுக்கினாலும் பாரம் முழுவதும் தூண் வழியே கீழே இறங்கிவிடும். மேலே 192 டன் வைத்தாலும் தாங்கவேண்டும் என்பது நெடுங்காலம் இருந்த சோதனை அளவு. அடுக்கும்போது மூலைக்கு மூலை பொருந்தவேண்டும்; கூரையின் நடுவில் பாரம் இறங்கினால் தகடு தாங்காது.

தூண்களின் மேலும் கீழுமாக எட்டு மூலைகளில் எட்டு வார்ப்பு எஃகுத் துண்டுகள். ஒவ்வொன்றிலும் நீள்வட்டத் துளைகள். கிரேன் இந்தத் துளைக்குள்தான் பிடி நுழைத்துத் தூக்குகிறது. ஒரு பெட்டிக்கும் அடுத்ததற்கும் நடுவே 'ட்விஸ்ட்லாக்' என்ற பூட்டு இதே துளையில் இறங்கி, கதவுத் தாழ்ப்பாள்போலக் கால் வட்டம் திரும்பி இறுக்கிக்கொள்கிறது. லாரியிலும் ரயில் பெட்டியிலும் இதே பூட்டு. இதை வடிவமைத்தவர் மெக்லீனிடம் வேலை பார்த்த பொறியாளர் கீத் டான்ட்லிங்கர்.

ஆனால் பூட்டும் துளையும் ஒரு கம்பெனிக்குள் மட்டும் பொருந்தினால் பயன் கொஞ்சம்தான். 1960-களின் தொடக்கத்தில் மெக்லீனின் பெட்டி 35 அடி நீளம். பசிபிக் பக்கம் மேட்சன் கம்பெனியின் பெட்டி 24 அடி. ஒருவர் பெட்டி மற்றவர் கப்பலில் உட்காராது. சர்வதேசத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ. இதைத் தீர்க்கக் குழு அமைத்துப் பல ஆண்டுகள் வாதாடியது. கடைசியில் நிலைத்த 20 அடி, 40 அடி என்ற அளவுகள் இந்த இருவருடைய அளவும் அல்ல. ஆயினும், மூலைத் துண்டுக்கான தம் காப்புரிமையைக் கட்டணமில்லாமல் எல்லோரும் பயன்படுத்த மெக்லீன் விட்டுக்கொடுத்தார். சிறு மாற்றங்களோடு அதுவே உலகத் தரமானது. ஷாங்காயில் செய்த பெட்டியைச் சென்னைக் கிரேன் தூக்க முடிவதும், அதை ராட்டர்டாம் ரயில் சுமக்க முடிவதும் அந்த உடன்பாட்டால்தான்.

இந்தியாவுக்கு முதல் கன்டெய்னர் கப்பல் 1973-இல் கொச்சிக்கு வந்தது. சென்னைத் துறைமுகத்தில் தனிக் கன்டெய்னர் முனையம் 1983-இல் இயங்கத் தொடங்கியது.

இன்று திருப்பூரிலிருந்து ஐரோப்பாவுக்குப் பனியன் போகும் வழியைத் தொடர்ந்து போனால் முறை முழுவதும் புரியும். தயாரிப்பாளருக்காகக் கப்பலில் இடம் பிடிப்பவர் ஃபார்வர்டர். கப்பல் கம்பெனியில் 'புக்கிங்' கிடைத்ததும் காலிப் பெட்டி ஒன்று யார்டிலிருந்து ஆலை வாசலுக்கு வரும். அனுபவசாலிகள் முதலில் உள்ளே போய்க் கதவைச் சாத்தச் சொல்வார்கள். இருட்டில் எங்காவது வெளிச்சப் புள்ளி தெரிந்தால் கூரையில் ஓட்டை. பெட்டி திருப்பி அனுப்பப்படும். நல்ல பெட்டியில் அட்டைப்பெட்டிகளை இடைவெளி இல்லாமல் அடுக்குவார்கள். இதற்குப் பெயர் 'ஸ்டஃபிங்'. கதவைச் சாத்தி 'பாட்டில் சீல்' எனும் ஆணிப் பூட்டு போட்டால், அதைக் கட்டர் வைத்து வெட்டித்தான் திறக்க முடியும். ஆலையிலேயே தாமாகச் சீல் வைக்கும் ஏற்றுமதியாளர்களுக்கு 2017 முதல் இந்தியச் சுங்கத்துறை மின்னணுச் சீல் முறையைக் கொண்டுவந்துள்ளது.

ஒரு பெட்டி நிறையச் சரக்கு இல்லாதவர் என்ன செய்வார்? துறைமுகத்தை ஒட்டிய சரக்கு நிலையத்தில் பலருடைய சரக்கையும் ஒரே பெட்டியில் சேர்த்து அனுப்பும் 'எல்.சி.எல்.' முறை உண்டு. வெளிநாட்டில் குடியேறும் குடும்பத்தின் தட்டுமுட்டுச் சாமான்களும் பெரும்பாலும் இப்படித்தான் போகின்றன. கட்டணம் கன மீட்டருக்கு இவ்வளவு அல்லது டன்னுக்கு இவ்வளவு. எது அதிகமோ அது.

இருபதா நாற்பதா என்பதும் கணக்குப் பார்த்தே முடிவாகும். 20 அடிப் பெட்டியின் கொள்ளளவு சுமார் 33 கன மீட்டர், 40 அடிக்கு சுமார் 67. ஆனால் பெட்டியின் எடையும் சேர்த்து இரண்டுக்கும் உச்ச வரம்பு பொதுவாக ஒன்றேதான்: 30.48 டன். பனியன் லேசு, எடை ஏறுவதற்கு முன்பே இடம் நிறைந்துவிடும். அதற்கு நாற்பதுதான் சரி. கிருஷ்ணகிரி கிரானைட்டோ பத்து கன மீட்டர் வைத்தாலே 27 டன் ஆகிவிடும். பெட்டியின் பெரும்பகுதி காலியாகத் தெரியும்போதே எடை வரம்பு முடிந்துவிடுவதால் கல்லுக்கு இருபதே போதும்.

பயணத்தில் பெட்டிக்குள்ளேயே மழை பெய்வதும் உண்டு. வெப்பமான ஊரில் மூடிய காற்றில் இருக்கும் ஈரம், குளிர்க் கடலில் கூரைத் தகடு சில்லிட்டதும் துளிகளாகிச் சரக்கின்மேல் சொட்டும். துணியில் பூசணம் பிடிக்கும், அட்டை ஊறிச் சரியும். அதனால் ஈரம் உறிஞ்சும் கால்சியம் குளோரைடுப் பைகளைச் சுவரோரம் தொங்கவிடுகிறார்கள். சரக்கு உட்காரும் மரப் பலகைகளுக்கும் விதி இருக்கிறது. மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் வெந்திருக்கவேண்டும், அல்லது புகைமூட்டம் செய்திருக்கவேண்டும். அதற்கான முத்திரை இல்லாவிட்டால் பல நாடுகள் அந்த மரத்தை உள்ளே விடுவதில்லை. ஒரு நாட்டு வண்டு இன்னொரு நாட்டுக் காட்டுக்குப் போகாமலிருக்க இந்தக் காவல்.

சீல் வைத்த பெட்டி சுமார் 300 கிலோமீட்டர் ஓடித் தூத்துக்குடிக்கு வருகிறது. பெரும்பாலும் அங்கிருந்து 'ஃபீடர்' எனப்படும் சிறிய கப்பலில் கொழும்புக்கு. கொழும்பில் கையாளப்படும் பெட்டிகளில் பெரும்பகுதி இலங்கையில் தங்குவதில்லை. ஒரு கப்பலிலிருந்து இறங்கி இன்னொன்றில் ஏறிப் போய்விடும். அங்கே ஐரோப்பா போகும் தாய்க் கப்பல் காத்திருக்கும். சூயஸ் வழியாகப் போனால் ஏறத்தாழ மூன்று வாரம். 2023 இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டபோது பெரும்பாலான கம்பெனிகள் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிப் போயின. பயணம் பத்து நாளுக்கு மேல் நீண்டது.

தாய்க் கப்பலில் பெட்டி எங்கே உட்காரும் என்பது அது வருமுன்பே திட்டமாகிவிடுகிறது. நீளவாக்கில் எந்த வரிசை, குறுக்கில் எந்த இடம், உயரத்தில் எந்த அடுக்கு என்று ஆறு இலக்கத்தில் அதற்கு முகவரி உண்டு. கனமானது கீழே, லேசானது மேலே. முதலில் இறங்கவேண்டியது அடியில் மாட்டக் கூடாது. இறால் போன்ற சரக்கு உள்ள குளிர்பதனப் பெட்டிகளுக்கு மின் இணைப்பு உள்ள இடம். தீப்பிடிக்கும் பொருட்கள் ஒன்றுக்கொன்று தள்ளி.

பெட்டியை அடையாளம் காட்டுவது அதன் பக்கத்தில் எழுதியிருக்கும் நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும். முதல் மூன்று எழுத்து உரிமையாளருடையது. கடைசி இலக்கம் காவலாளி. முன்னுள்ள எழுத்துகளுக்கு எண் மதிப்புக் கொடுத்து, எல்லாவற்றையும் முறையே 1, 2, 4, 8 என்று இரட்டிக்கும் எண்களால் பெருக்கிக் கூட்டி, 11-ஆல் வகுத்தால் வரும் மீதிதான் அது. மீதி 10 வந்தால் 0. குமாஸ்தா ஓர் எண்ணைத் தவறாக அடித்தால் பெரும்பாலும் மீதி பொருந்தாது, கணினி உடனே மறுத்துவிடும்.

எல்லாம் வெளியிலிருந்தே நடக்கிறது, உள்ளே என்ன என்று யாரும் பார்ப்பதில்லை. இந்த முறையின் வேகத்துக்கும் ஆபத்துக்கும் காரணம் ஒன்றே. கப்பல் கம்பெனி கொடுக்கும் 'பில் ஆஃப் லேடிங்' என்ற ரசீதைக் காட்டினால்தான் அக்கரையில் சரக்கு கிடைக்கும். அதிலேயே, உள்ளே இருப்பதாக அனுப்பியவர் சொன்னது இது என்றுதான் எழுதியிருக்கும். சொன்னது பொய்யானால் பாதிக்கப்படுவது கப்பல். 2007-இல் ஆங்கிலக் கால்வாயில் 'எம்.எஸ்.சி. நேப்போலி' கப்பலின் உடல் பிளந்தது. பிறகு அதன் மேல்தளத்தில் நனையாமல் இருந்த 660 பெட்டிகளை எடை போட்டபோது, 137 பெட்டிகளின் எடை அறிவித்த எடைக்கு மூன்று டன்னுக்கு மேல் வித்தியாசப்பட்டது. 2016 ஜூலை முதல், எடை சரிபார்த்த சான்று இல்லாத பெட்டியைக் கப்பலில் ஏற்றக் கூடாது என்று சர்வதேச விதி வந்தது.

தமிழர்களுக்கு மிக அருகில் நடந்தது 'எக்ஸ்பிரஸ் பேர்ல்' விபத்து. கட்டி மூன்று மாதமே ஆன அந்தக் கப்பலில் 1,486 பெட்டிகள். அதில் ஒன்றிலிருந்து நைட்ரிக் அமிலம் கசிவது வழியிலேயே தெரிந்தது. கத்தாரின் ஹமாத் துறைமுகத்திலும் குஜராத்தின் ஹசிராவிலும் அதை இறக்க அனுமதி கிடைக்கவில்லை. 2021 மே 20 அன்று கொழும்புக்கு வெளியே கப்பல் தீப்பற்றியது. ஜூன் 2-இல் மூழ்கத் தொடங்கியது. சுமார் 1,680 டன் பிளாஸ்டிக் குருணை அதில் இருந்தது. நீர்கொழும்புக் கரை வெள்ளை மணிகளால் மூடியது. மீனவர்கள் கடலுக்குப் போகத் தடை விழுந்தது. 2025 ஜூலையில் இலங்கை உச்ச நீதிமன்றம் நூறு கோடி டாலர் இழப்பீடு தர உத்தரவிட்டது. அதே ஆண்டு மே மாதம் கொச்சிக்கு அப்பால் 'எம்.எஸ்.சி. எல்சா 3' சுமார் 640 பெட்டிகளோடு மூழ்கியபோது, இதே போன்ற குருணை கன்னியாகுமரிக் கரைவரை வந்து ஒதுங்கியது.

பெட்டி வந்ததும் ஊர்களின் தலைவிதியும் மாறியது. மூட்டை தூக்க ஆள் தேவையில்லை. ஆனால் கிரேன் வைக்கவும் பெட்டி அடுக்கவும் பரந்த நிலம் வேண்டும். நகர நடுவே நெருக்கடியில் இருந்த மன்ஹாட்டன், புரூக்ளின் துறைகள் அக்கரையிலிருந்த நியூ ஜெர்சியிடம் தோற்றன. லண்டனின் பழைய டாக்குகள் 1981-க்குள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. கேனரி வார்ஃப் வங்கிக் கட்டடங்கள் நிற்பது அப்படி மூடிய டாக் ஒன்றின்மேல். அமெரிக்காவின் மேற்குக் கரையில் மட்டும் தொழிற்சங்கத் தலைவர் ஹேரி பிரிட்ஜஸ் 1960-லேயே பேரம் பேசி, இயந்திரங்களை அனுமதிப்பதற்கு ஈடாகத் தொழிலாளர்களுக்கு ஓய்வு நிதியும் வேலை உறுதியும் வாங்கினார்.

அடுத்த போட்டி ஆழத்துக்கு. 'எம்.எஸ்.சி. ஐரினா' என்ற கப்பல் ஏறத்தாழ 400 மீட்டர் நீளம். 20 அடிப் பெட்டிக் கணக்கில் 24,346 பெட்டிகளைச் சுமக்கும். இவ்வளவு பெரிய கப்பல் நுழைய ஆழமான துறை வேண்டும். 2025 ஜூனில் அது வந்து நின்ற கேரளத்தின் விழிஞத்தில் 18 மீட்டருக்கு மேல் இயற்கையாகவே ஆழம் இருக்கிறது. தூத்துக்குடியிலும் பெரிய கப்பல்கள் நேரே வருவதற்காக வெளித் துறைமுகத் திட்டத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. திருப்பூர்ப் பெட்டி கொழும்பில் ஒருமுறை இறங்கி ஏறுவதற்கு இரண்டு கிரேன் வேலை, யார்டு வாடகை, இணைப்புக் கப்பல் தவறினால் சில நாள் காத்திருப்பு. தூத்துக்குடியில் தாய்க் கப்பலே வந்து நின்றால் ஏற்றுமதியாளரின் ரசீதில் இந்தச் செலவுகள்தான் முதலில் அடிபடும்.