தொடாதீர் பலகையும் ஒலிச் சிற்பங்களும்

இசைக்கருவியைக் காட்சிக்கு வைப்பது என்றதும் கண்ணாடிப் பெட்டியும் ‘தொடாதீர்’ பலகையும்தான் நினைவுக்கு வருகின்றன. கருவி வெறும் பார்வைப் பொருளாகிவிடுகிறது. அதை ஒலிக்கச் செய்த கை வெளியே நிறுத்தப்படுகிறது. இந்த ஏற்பாட்டைக் கேள்விக்குள்ளாக்கியவர்கள் பிரான்சின் பாஷே சகோதரர்களான பெர்னாரும் பிரான்சுவாவும். 1950களிலிருந்து அவர்கள் செய்த ஒலிச் சிற்பங்களில் மின்சாரம் கிடையாது. கனத்த உலோகத்தில் செருகிய தண்டுகள் அதிர்கின்றன; மடித்து விரித்த தகடுகள் அவ்வதிர்வைப் பெருக்குகின்றன. சிலவற்றில் கண்ணாடித் தண்டை ஈரவிரலால் நீவ வேண்டும். யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம், அதுதான் விஷயமே.

1970 ஒசாகா உலகக் கண்காட்சியின் உருக்கு அரங்கிற்காக பிரான்சுவா 17 சிற்பங்கள் செய்தார். அரங்கின் இசைப் பொறுப்பு தோரு தகேமிட்சுவினுடையது. இகேடா ஃபோன், கட்சுரா ஃபோன், வதனபே ஃபோன் என்று, கூட உழைத்த ஜப்பானியர்களின் பெயர்களையே சிற்பங்களுக்கு வைத்தார். (உழைத்தவர் பெயர் பொருளின்மேல் நிற்பது அருங்காட்சியகங்களில் அபூர்வம்.) கண்காட்சி முடிந்ததும் அவை கழற்றப்பட்டுப் பல பத்தாண்டுகள் கிடங்கில் கிடந்தன. 2010இல் அந்த அரங்கு நினைவுக் காட்சியகமாகத் திறக்கப்பட்டபோது இகேடா ஃபோன் மறுபடி எழுந்து நின்றது. பிறகு கியோட்டோ நகரக் கலைப் பல்கலைக்கழகத்தில் வேறு சிலவும் சீரமைக்கப்பட்டன.

நிரந்தரக் காட்சியின் சிக்கல் இங்கேதான். தொட விட்டால் தேயும், ஈரம் பட்ட இரும்பு துருப்பிடிக்கும், திருகாணி தளரும். விடாவிட்டால் மிஞ்சுவது இரும்புப் பூ. ‘பதிவு பண்ணின ஒலியைப் போட்டுட்டா போச்சு’ என்பார்கள். போகாது. யாரோ ஒருமுறை வாசித்ததைத்தான் பதிவு தரும். நான் தட்டினால் என்னாகும் என்பதை அது சொல்லாது.

ஆகவே வடிவமைப்பு அலமாரியிலிருந்து அல்ல, கையிலிருந்து தொடங்க வேண்டும். சிறுபிள்ளைக்கு எட்டும் உயரம், கண்ணாடித் தண்டுக்குப் பக்கத்தில் தண்ணீர்க் கிண்ணம், துடைக்கத் துணி, கழற்றி மாற்றக்கூடிய தண்டுகள், ஒன்றின் ஒலி இன்னொன்றை விழுங்காத இடைவெளி. சுவர் வெறும் சிமெண்டாக இருந்தால் எதிரொலி எல்லாவற்றையும் குழப்பிவிடும். கூடவே, சுருதி பார்த்துத் திருகு முடுக்கச் சம்பளத்துக்கு ஓர் ஆள். விளக்குக்கும் கண்ணாடிக்கும் பணம் ஒதுக்குகிறவர்கள் பெரும்பாலும் இந்த ஆளைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

பாகத்தை மாற்றினால் அசல் போய்விடாதா? எது அசல்: 1970இன் இரும்பா, தட்டினால் எழும் அதிர்வா? இரும்புதான் என்றால் பூட்டி வையுங்கள். அதிர்வு என்றால் புதுத் தண்டைப் பொருத்தி, பழையதைப் பக்கத்துச் சுவரில் மாட்டி, எந்த வருஷம் யார் மாற்றியது என்று இகேடாவின் பெயருக்குக் கீழே எழுதி வையுங்கள்.